இறங்கி ஏறும் ஊர்

1853 நவம்பர் 3

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டு ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும். கை சும்மா இருக்கிற நேரமே இல்லாத வீடு இது. இங்கே ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் அனுப்பாத எழுத்தை எழுதுவது திருட்டுத்தனமாகப் படுகிறது.

பெண்கள் கல்லூரியை முடித்துக் கிளம்பியபோது தலைமை ஆசிரியை கொடுத்த நோட்டு. இரண்டு மாதமாகப் பெட்டிக்குள் கிடந்தது. இன்று பள்ளிக்கூடக் குழுவின் பதில் வந்தது. குளிர்காலப் பள்ளிக்கு ஆண் வாத்தியார்தான் வேண்டுமாம். பெரிய பையன்களை என்னால் அடக்க முடியாதாம். முடியாதுதான். குழுவின் முன்னால் நின்று பிலீனா டட்டில் என்று என் பெயரைச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை.

ஆக, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அம்மாவோடு இஞ்சிக் கேக் சுடுவதுதான் வேலை. பட்டம் சுவரில் மாட்டியிருக்கிறது. அடுப்புப் புகை படுகிறது.

நவம்பர் 5

முதுகு வலி. மூன்று கூடை விற்றது.

நவம்பர் 8

இரண்டு ரயில்களுக்கும் நடுவே உள்ள நேரத்தில் எழுதுகிறேன். கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டால், "எல்லோரும் இறங்கி ஏறும் ஊர்" என்பேன். சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் இங்கே இறங்கி ஏறியவர்கள்தான்.

பஃபலோவிலிருந்து வரும் தண்டவாளம் ஊரின் கிழக்குக் கோடியில் முடிகிறது. கிளீவ்லாந்துக்குப் போவது மேற்குக் கோடியில் தொடங்குகிறது. இடையே அரை மைல். ஒரு தண்டவாளம் இன்னொன்றைவிட ஒன்றரைச் சாண் அகலம். இந்த வண்டிச் சக்கரம் அதில் உட்காராது. அந்த வண்டி இதில் ஓடாது. இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு அளவில் போட்டுவிட்டார்கள். அந்த ஒன்றரைச் சாணில்தான் எங்கள் ஊரே பிழைக்கிறது. சரக்கை இறக்க ஆள், அரை மைல் இழுக்க வண்டி, மறுபடி ஏற்ற ஆள். காத்திருப்பவர்களுக்குப் படுக்க ஓபெட் கிரேனின் விடுதி, தின்ன அம்மாவின் கேக்.

அப்பாவுக்கு இரண்டு குதிரை, ஒரு பாரவண்டி. எழுதப் படிக்கத் தெரியாது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் எழுத்தைப் படமாக நினைவில் வைத்துக்கொண்டு எது எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார். நான் படித்த இரண்டு வருடமும் அந்தக் காத்திருப்பு நேரத்தில் விற்ற கேக்கிலிருந்து வந்தது. அதை நினைத்தால் சில நாள் பெருமையாக இருக்கிறது. சில நாள் கடன் மாதிரிக் கனக்கிறது.

நவம்பர் 15

கம்பெனிகள் ஒரே கையாகிவிட்டனவாம். இரண்டு தண்டவாளத்தையும் ஒரே அகலமாக்கி, ஊருக்குள்ளேயே இணைத்துவிட மாநிலச் சட்டமன்றத்தில் அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

கார்மக் ஷீஹன்தான் செய்தி கொண்டுவந்தார். சுமை தூக்குகிறவர்களுக்குத் தலைவர், அயர்லாந்துக்காரர், அவர் வாய்க்கு ஊரே பயப்படும். அம்மாவின் கூடையிலிருந்து ஒரு கேக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"ஹல்டாம்மா, இனிமே ஓடற ரயிலோட நீயும் ஓடிக்கிட்டே வித்தாத்தான் உண்டு. ஒரு ஜோடி நல்ல செருப்பா வாங்கி வெச்சுக்கோ."

"முதல்ல தின்ன கேக்குக்கு வழி சொல்லு," என்றாள் அம்மா.

கார்மக் சிரித்தார். பக்கத்தில் நின்ற யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பனியில் மேற்கு ரயில் வந்து சேரவில்லை என்பதால் நேற்று இறங்கியவர்கள் இன்னும் ரயில் நிலையக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். விடுதியில் இடமில்லை. காப்பி கொண்டுபோனேன். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், மடியில் குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல். இல்லினாயில் புருஷன் நிலம் வாங்கியிருக்கிறானாம், அவனிடம் போகிறாள்.

"ஏங்க, எதுக்கு இந்த ஊர்ல மட்டும் எல்லாரையும் எறக்கி விடறாங்க?" என்று கேட்டாள்.

தண்டவாள அகலத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் கேட்டது அதையல்ல.

எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து அடுப்பருகில் படுக்க வைத்தோம். அம்மா குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. பிற்பகல் ரயில் வந்துவிட்டது, போய்விட்டார்கள். குழந்தை என்ன ஆனதோ.

நவம்பர் 24

என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

ஓபெட் கிரேனின் விடுதியில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி முப்பது ஆண்கள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். அம்மா பின்னால் நின்று தள்ளிவிட்டாள். சட்டமன்றத்துக்கு ஊர் சார்பில் மனு அனுப்ப வேண்டும். யார் எழுதுவது? தனக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றார் ஓபெட். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் கண்ணாடி உடைந்துதான் இருக்கிறது. அப்போது அப்பா எழுந்தார். சபையில் எழுந்து பேசுகிறவரில்லை அவர்.

"எம் பொண்ணு எழுதுவா," என்றார். "அதுக்குத்தான படிக்க வெச்சேன்."

அந்த முகத்தைப் பார்த்தபின் முடியாது என்று எப்படிச் சொல்வது?

"வாத்தியாரம்மா, உக்காருங்க," என்று கார்மக் தன் நாற்காலியைத் தள்ளினார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். நம்மைத் தாண்டி ஒரு மூட்டையும் போகாது, எழுது. ஒரு பீப்பாய் மாவை நாலு தடவை தூக்குகிறோம், எழுது. போன குளிர்காலத்தில் அறுபது தொட்டி வெண்ணெய் மூன்று நாள் இங்கேயே கிடந்தது, பஃபலோ வியாபாரிகள் நம்மிடம் கெஞ்சினார்கள், அதையும் எழுது.

"நாம இல்லாட்டி இந்த நாடு மூச்சு விடாதுன்னு அவனுங்களுக்குப் புரியணும்," என்றார் ஓபெட்.

என் தலைமை ஆசிரியை சொல்வார்: பொத்தாம்பொதுவாக எழுதாதே, அளந்து எழுது. ஆகவே தயங்கித் தயங்கிக் கேட்டேன். உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று சரியாகத் தெரியுமா? யாருக்கும் தெரியவில்லை. ஓபெட் தன் கடிகாரத்தைச் சட்டையிலிருந்து கழற்றி என் கையில் வைத்தார்.

நவம்பர் 30

ஆறு நாள் அளந்தேன். ரயிலிலிருந்து இறங்கும் முதல் ஆள் தரையில் கால் வைத்ததும் தொடங்கி, அடுத்த ரயில் நகர்வது வரை. சராசரி இரண்டு மணி இருபது நிமிடம். சரக்கானால் ஒன்றரை நாள். நூறு முட்டையில் ஒன்பது உடைகிறது. ஒரு மாட்டுக்குக் கால் முறிந்தது. எல்லாவற்றையும் குறித்தேன்.

விரல் விறைத்துப்போய் எழுத்து வழுக்குகிறது.

டிசம்பர் 1

எழுதி முடித்தேன். படித்துப் பார்த்தேன். மறுபடி படித்தேன்.

இது நாங்கள் கொடுக்கும் மனு இல்லை. எங்கள் மேல் யாரோ கொடுக்கும் புகார் இது.

அவர்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், ஒன்றுகூடக் கூட்டவில்லை. நாலு தடவை தூக்குகிறோம் என்று சொன்னவருக்கு அது உழைப்பு. சட்டமன்றத்தில் இருப்பவருக்கு அது வீண். வெண்ணெய் மூன்று நாள் கிடந்தது எங்களுக்குச் செல்வாக்கு. வெண்ணெய்க்காரனுக்கு? அது கெட்டுப்போன வெண்ணெய். ஒன்றரைச் சாணால் நாடு எவ்வளவு இழக்கிறது என்று யாராவது நிரூபிக்க வேண்டுமானால் இதைவிட நன்றாக நிரூபிக்க முடியாது. நிமிடக் கணக்கோடு கொடுத்திருக்கிறேன்.

அதிலும் ஒரு வாக்கியம் என் சொந்தப் பெருமை. "எங்கள் ஊரில் நின்று எங்கள் கைபடாமல் இந்த நாட்டின் ஒரு மூட்டைக் கோதுமையும் மேற்கிலிருந்து கிழக்கே போவதில்லை." மூன்று முறை அடித்துத் திருத்திய வாக்கியம். அழகாக வந்துவிட்டது. அழகாக வந்ததுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 2

விடுதியில் படித்துக் காட்டினேன். முணுமுணுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கோதுமை வாக்கியத்துக்கு மேசையைத் தட்டினார்கள். "இன்னொரு வாட்டி!" என்றார்கள். படித்தேன்.

முடித்ததும், "இதில் ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"யார் பேராச்சும் விட்டுப்போச்சா?" என்றார் ஓபெட்.

"இல்ல. இந்த நேரக் கணக்கு... அவங்க இத வேற மாதிரி..."

"பொண்ணே, நல்லாத்தான் எழுதியிருக்கே. யோசிச்சு யோசிச்சு அதக் கெடுத்துடாத."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அப்பாவும் சிரித்தார், யாரோ அவர் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் காகிதத்தை மடித்தேன்.

அவ்வளவுதான். ஒரு வாய்ப்பு வந்தது, போய்விட்டது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 4

கையெழுத்து வாங்கும் நாள். இருநூற்றுப் பதினான்கு பேர். நூற்று அறுபது பேருக்குப் பெயரை நான் எழுதினேன். பக்கத்தில் அவர்கள் சிலுவைக் குறி போட்டார்கள். பேனா பிடிக்கத் தெரியாத கைகளை நானே பிடித்து நடத்தினேன். பீப்பாய் உருட்டி உருட்டிக் காய்ந்துபோன உள்ளங்கைகள். ஒவ்வொரு கையாகப் பிடிக்கும்போதும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார்மக் தன் குறியைப் பெரிதாகப் போட்டார். "இது எம் மொகத்த விட லட்சணமா இருக்கு."

அப்பாவின் குறி கடைசியில் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

டிசம்பர் 6

தலைநகர் போகும் தபாலில் சேர்த்தாயிற்று.

டிசம்பர் 19

சுடுவது, சுமப்பது, கழுவுவது. எழுத ஒன்றுமில்லை என்று எழுதுகிறேன்.

உண்மையில் எழுத ஒன்று இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டது கூச்சத்தினாலா, அல்லது அந்த மனு போய்ச் சேர வேண்டிய இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்யட்டும் என்றா? கொட்டகையில் இருந்த அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லவில்லையே, அந்தப் பதில்தானா இது? எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அலுப்பாக இருக்கிறது.

1854 ஜனவரி 27

செய்தித்தாள் வந்தது. படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஓபெட்டின் கண்ணாடி இன்னும் சரியாகவில்லை.

சட்டமன்றக் குழுவின் விசாரணை, முழுப் பக்கம். நின்றபடியே படித்தேன். கம்பெனியின் வழக்கறிஞர் எழுந்து சொன்னாராம்: "கனவான்களே, நான் தயாரித்துக் கொண்டுவந்த வாதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த ஊர் மக்களே அதைவிட நன்றாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதையே படிக்கிறேன்." பிறகு எங்கள் மனு. ஆரம்பம் முதல் முடிவு வரை. ஒரு சொல் மாறவில்லை.

ஓபெட் எழுந்து கைதட்டினார். "பாத்தீங்களா! நம்ம எழுத்த சபையில படிச்சிருக்கான்யா! அவனே படிச்சிருக்கான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தொடர்ந்து படித்தேன். நாலு தடவை தூக்குவது என்ற இடத்தில் உறுப்பினர்கள் நகைத்தார்கள் என்று போட்டிருந்தது. வெண்ணெய்த் தொட்டி என்ற இடத்தில் மறுபடி நகைத்தார்கள். கோதுமை வாக்கியத்தை வழக்கறிஞர் இரண்டு முறை படித்தாராம். பிறகு கேட்டாராம்: "ஒரு நாடு முழுவதும் ஒரு ஊரின் கையில் ஏன் நின்று போக வேண்டும்?"

கைதட்டல் எந்த இடத்தில் நின்றது என்று கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது கார்மக் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சத்தையும் படி," என்றார். இந்தமுறை வாத்தியாரம்மா என்று சொல்லவில்லை.

படித்தேன். என் குரல் கடைசி நாற்காலிவரை கேட்டது. அவ்வளவு அமைதி.

ஜனவரி 28

நேற்று விடுதியில் அதன்பின் பேசியது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

"படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுன்னு தூக்கி வெச்சீங்களே, குழி தோண்டிக் குடுத்துட்டா."

"கம்பெனிக்காரன் ஏதாச்சும் தந்திருப்பானோ?"

இதற்கு அப்பா எழுந்துவிட்டார். "எவன்டா அது சொன்னது? நீங்க சொன்னத எழுதினா. ஒரு எழுத்து கூட்டினாளா? கோதுமைன்னு வந்ததும் மேசையத் தட்டினது யாரு? எம் பொண்ணா தட்டினா?"

கூட்டம் கலைந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கையை என் முதுகில் வைத்துக்கொண்டே வந்தார். அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

பிப்ரவரி 3

கேக் வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்கள் வாங்குகிறார்கள். ஊர்ப் பெண்கள்தான் அம்மாவின் பக்கத்தில் கூடை வைப்பதில்லை. பத்தடி தள்ளி வைக்கிறார்கள்.

"எனக்கென்ன, எடம் தாராளமா இருக்கு," என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்தபின், "ஏண்டி, அந்தக் காலேஜுல நீ சேந்தப்போ இவளுங்கதான் ஆளுக்கொரு துணி தச்சுக் குடுத்தாளுங்க," என்றாள். அழவில்லை. மாவு பிசைந்தாள்.

பிப்ரவரி 11

சொல்லிவிட்டேன்.

அப்பா மேற்கு நிலையத்துக்கு நெசவு இயந்திரத்தின் பாகங்களை ஏற்றிக்கொண்டு போனார். உதவிக்கு ஆள் வரவில்லை, யாரும் வர மறுக்கிறார்கள். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி வழியில்:

"அப்பா, அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"எது?"

"அந்த மனு நமக்கு எதிரா திரும்பும்னு. எழுதி முடிச்ச அன்னிக்கே தெரிஞ்சுது."

குதிரைகள் நடந்துகொண்டே இருந்தன. அவர் கடிவாளத்தை இழுக்கவுமில்லை, விடவுமில்லை. மர ஆலையைத் தாண்டினோம். அப்புறம்தான் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஜெயிக்க வேண்டியது ஊர்தானா என்று எனக்கு நிச்சயமில்லாமல் இருந்தது என்பதை, அந்த ஊரின் சரக்கு வண்டியில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? அவரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருந்தது. அதையும் கேட்கவில்லை.

நிலையம் வந்தபின், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் ஏத்தற பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கறதில்ல. கேக்கறதுமில்ல. கொண்டுபோயி எறக்குவேன். அது என் வேல. நீயும் அதத்தான் செஞ்சிருக்க." இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். "அதுக்குன்னா ஒன்னப் படிக்க அனுப்பியிருக்க வேண்டாமே, பிலீ. அதுக்கு நானே போதும்."

பிப்ரவரி 12

எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

பிப்ரவரி 20

அப்பா பேசுகிறார். உப்பு எடு, கதவைச் சாத்து, பழுப்புக் குதிரைக்கு லாடம் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் இல்லை. நான் சொன்னதை அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. விடுதியில் யாராவது என்னைக் குறை சொன்னால் இன்னமும் எழுந்து நிற்கிறார் என்று அம்மா சொன்னாள். தெரிந்துகொண்டே நிற்கிறார்.

மார்ச் 9

அனுமதி கிடைத்துவிட்டது கம்பெனிக்கு. ஓட்டு முப்பத்தொன்றுக்கு ஏழு.

மார்ச் 22

நேற்று சிலர் போய்ப் புதுத் தண்டவாளத்தில் நாற்பதடியைப் பெயர்த்து ஓடையில் போட்டார்கள். இன்று கம்பெனி கூலிக்கு ஆள் வைத்துத் திரும்பப் பதிக்கிறது. பெயர்த்தவர்களில் இரண்டு பேருக்கே பதிக்கும் வேலை கிடைத்திருக்கிறது.

"எந்த ஆணி எங்க இருக்குன்னு எங்களுக்குத்தானய்யா தெரியும்!" என்கிறார் கார்மக். அந்த இருவரில் அவரும் ஒருவர்.

ஏப்ரல் 4

அப்பாவின் வண்டியும் ஜல்லி இழுக்கிறது. இணைப்புக்கு. வேறு என்ன செய்வார்? குதிரைகளுக்குத் தீனி வேண்டும். மாலையில் சேறு படிந்த பூட்ஸைக் கழற்றிக்கொண்டு, யாருக்கும் இல்லாமல் சொன்னார்: "நல்லாத்தான் போடறானுங்க."

ஏப்ரல் 18

முதல் நேர் ரயில் இன்று.

ஊரே வந்து நின்றது. கிழக்கிலிருந்து வந்தது, நாங்கள் தினமும் பார்க்கிற ரயில்தான். ஆனால் எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்காமல், விடுதியைத் தாண்டி, எங்கள் வீட்டைத் தாண்டி, ஊரின் நடுவே போனது. ஊருக்குள் ரயில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது! ஜன்னல்களில் முகங்கள். அவர்களுக்கு நாங்கள் வேலி ஓரத்தில் நிற்கிற சிலர், அவ்வளவுதான்.

ஓடைப் பாலத்தருகே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நாலு நிமிடம் நின்றது. அம்மா கூடையோடு ஓடினாள். அவள் வயதில், அந்தப் பாவாடையோடு. யாரும் இறங்கவில்லை. ஜன்னல் வழியே இரண்டு கேக் போயிற்று. மூன்றாவதற்குக் கை நீட்டியவரின் கைக்கு எட்டுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அம்மா கேக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு அதை அவளே தின்றாள்.

ஜன்னலில் ஒரு பெண் குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப யாருமில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவைப் பார்த்தபோது நிம்மதி பட்டதற்கு வெட்கமாக இருந்தது. இரண்டும் அந்த நாலு நிமிடத்துக்குள்ளேயே.

ஏப்ரல் 25

இன்று தண்ணீர் பிடிக்க நின்ற எஞ்சின் கிளம்பவில்லை. அச்சு சூடேறிப் புகைந்தது. ஓட்டுநர் திட்டிக்கொண்டே அடியில் படுத்தார். இங்கே பட்டறை கிடையாதா என்று கேட்டார். இல்லை என்றேன். மிக அருகில் எங்கே என்று நான் கேட்டேன். நானாக ஒரு அந்நியரிடம் கேட்டேன்!

"பக்கத்துலயா? அந்தப் பக்கம் தொண்ணூறு மைல், இந்தப் பக்கம் நூறு. நடுவுல பொட்டக்காடு," என்றார். "இந்த மாசம் மட்டும் எனக்கு இது மூணாந்தடவ. குளிர்காலத்துல தண்ணி உறையாத ஓடையும் இந்த வழியில இது ஒண்ணுதான்."

கார்மக்கின் ஆட்கள் ஆறு பேர் நெம்புகோல் போட்டு அச்சைத் தூக்கிக் கொடுத்தார்கள். இரும்பு தூக்கத் தெரிந்த கைகள். ஒரு மணி நேரம் நின்றது. அம்மா எல்லாவற்றையும் விற்றுவிட்டாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சில எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எஞ்சின் நின்ற நாட்கள், நின்ற நேரம், பட்டறை இருக்கும் தூரம். அளக்கிற பழக்கம் போகவில்லை.

மே 2

பதினொரு குடும்பங்கள் ஊரை விட்டுப் போய்விட்டன. போனதும் ரயிலில்தான், ஏற வேண்டுமானால் கொடி காட்டி நிறுத்த வேண்டும்.

மே 7, ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும் மூன்று பேரும் எங்கள் அடுக்களைக்கு வந்தார்கள். அப்பா, ஓபெட், கார்மக். என்னைப் பார்க்காமல் முதலில் அம்மாவிடம் காப்பி கேட்டார்கள். ஓபெட் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"கம்பெனிக்கு ஒரு கடுதாசி போடணும்," என்றார் கடைசியில். "சட்டமன்றம்லாம் வேண்டாம். நேரா கம்பெனிக்கே. நல்லபடியா, மரியாதையா."

"நம்மகிட்ட வேற யாரும் எழுதறவங்க இல்ல," என்றார் கார்மக். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "வாத்தியாரம்மா, இந்தத் தடவ கொஞ்சம் மோசமா எழுதும்மா. நீ நல்லா எழுதினா எங்களால தாங்க முடியல."

அம்மா கரண்டியை அவர் தலைக்கு நேரே ஓங்கினாள். நான் சிரித்துவிட்டேன். நாலு மாதத்தில் முதல் தடவை.

என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்தே வந்திருந்தார்கள். ஒவ்வொரு ரயிலும் எங்கள் ஊரில் கட்டாயம் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும் என்று கேட்க வேண்டுமாம். ஜனங்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், அவர்கள் உடம்புக்கும் நல்லதாம். ஓபெட் அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நம்பிக்கை இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. களைப்புதான் வந்தது, பழைய களைப்பு. பேனாவை எடுத்து, சொன்னதை எழுதி, மடித்து, அனுப்பி, நகைத்தார்கள் என்று வாசித்து...

அப்பா மைக்கூட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். காகிதத்தை நேராக்கினார். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தை முழுதாகப் பார்த்தார்.

"எழுதுவியா, பிலீ?" என்றார்.

நோட்டின் கடைசிப் பக்கத்து எண்கள் நினைவுக்கு வந்தன. மேசையைப் பிடித்துக்கொண்டேன். வண்டியில் கேட்காமல் விட்டதை, அதற்கு முன்னால் விடுதியில் கேட்காமல் விட்டதை, ஓடைப் பாலம் வரை கேட்கும் குரலில் கேட்டேன்:

"எழுதறேன்பா. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். நீங்க மூணு பேரும் உக்காந்து, ஒரு வார்த்த எழுதறதுக்கு முன்னாடி, நான் என்ன நெனைக்கிறேன்னு என்னக் கேளுங்க."